பழைய அச்சும் புதிய படமும்: வாசகர் கேள்வி – பதில்

மரச்செதுக்கு, செம்புத் தகடு, கல்லச்சு, சில்க் ஸ்கிரீன் ஆகிய பழைய அச்சு முறைகளோடு கணினிப் படங்களைச் சேர்த்துப் பணியாற்றுவது குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

எங்கள் மகள் சென்னையில் ஓவியம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், பெட்டகத்தில் இருந்த அவளுடைய அப்பத்தாவின் பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, பலகையில் ஒற்றிச் செதுக்கி அச்செடுத்தாள். ஓவியம் தெரிந்த உறவினர் ஒருவர், "கம்ப்யூட்டர் போட்ட படத்தை நீ செதுக்கியிருக்கிறாய், இதில் உன் கலை எங்கே?" என்று கேட்டுவிட்டார். அவள் மனம் நொந்துபோயிருக்கிறாள். இதைப் பதிப்போவியம் (ஓவியரே பலகையிலோ தகட்டிலோ கல்லிலோ உருவாக்கி அச்செடுக்கும் ஓவியம்) என்று சொல்லலாமா?
– பள்ளி ஆசிரியை, காரைக்குடி

தாராளமாகச் சொல்லலாம். ஆனாலும் உறவினரின் கேள்வியை ஒதுக்கிவிட வேண்டாம். அதற்குரிய விடை உங்கள் மகள் செதுக்கிய பலகையில்தான் இருக்கிறது.

முதலில் நம் ஊர் வீடுகளின் பட்டாலைகளில், அதாவது கூடங்களில், சுவர்களைப் பாருங்கள். அங்கே வரிசையாக மாட்டியிருக்கும் ரவிவர்மாவின் லட்சுமியையும் சரஸ்வதியையும் ஓவியங்கள் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவற்றில் பல, 1894-ஆம் ஆண்டு பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில், ஜெர்மானியத் தொழில்நுட்பர்களின் துணையோடு கல்லச்சாக வெளிவந்த படங்கள். ஓர் எண்ணெய் ஓவியத்தைக் கல்லச்சில் கொண்டுவர வேண்டுமானால், அதில் ஒன்றோடொன்று குழைந்திருக்கும் வண்ணங்களைக் கண்ணாலேயே பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் பிசுக்குள்ள மையால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒரே தாளை அத்தனை கற்களின் மேலும் இம்மியும் பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். இன்று கணினி நொடிப்பொழுதில் செய்துவிடும் வண்ணப் பிரிப்பை அன்று பெயர் தெரியாத தொழிலாளர்கள் பொறுமையாகச் செய்தார்கள். அப்படி இயந்திரத்தில் அச்சாகி வந்த படங்கள் சிலவற்றில், தேவியின் சேலைக்குச் சரிகையும் சம்கியும் வைத்துத் தைத்து அழகுபடுத்தியிருப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். இயந்திரப் படமும் கைவேலையும் ஒரே சட்டத்துக்குள் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதன்று. அமெரிக்க ஓவியர்களான ஆண்டி வார்ஹோலும் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் 1962-இல் புகைப்படங்களைச் சில்க் ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறை) வழியாகக் கித்தானில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று அவை பதிப்போவிய வரலாற்றில் தவிர்க்க முடியாத பக்கங்களாகிவிட்டன.

இனி உங்கள் மகளின் வேலைக்கு வருகிறேன். புகைப்படத்தில் அப்பத்தாவின் கன்னத்தில் வெளிச்சம் மெல்ல மெல்லச் சரிந்து நிழலாகிறது. மரப்பலகைக்கு அந்தச் சரிவு தெரியாது. மை ஒட்டும் இடம், ஒட்டாத இடம் என்ற இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும். கணினி, 0 முதல் 255 வரையிலான சாம்பல் நிறப் படிகளை ஏதோ ஓரிடத்தில் வெட்டிக் கறுப்பென்றும் வெள்ளையென்றும் பிரிக்கிறது. வெட்டும் இடத்தைச் சற்று மேலே தள்ளினால் முகம் முழுதும் கரிபூசியதாகும். கீழே இறக்கினால் மூக்கு காணாமற்போகும். அப்படிப் பிரித்த பிறகும், காதுத் தோட்டின் அடியிலும் கழுத்து மடிப்பிலும் அது தூசிபோன்ற சிறு புள்ளிகளை இறைத்துவைக்கும். அவற்றை உளியால் அப்படியே செதுக்க இயலாது. எதைச் சேர்த்துக் கோடாக்குவது, எதைத் துடைத்து வெற்றிடமாக்குவது என்று உளி பிடித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். மரத்தின் ரேகை ஒரு பக்கமாக இழுக்கும்போது அந்த முடிவும் மாறும்.

கணினி கொடுத்த கோட்டை விட்டுத் தான் விலகிய இடங்களைக் காட்டும்படி மகளிடம் கேளுங்கள். காட்டி, ஏன் விலகினேன் என்றும் அவளால் சொல்ல முடியுமானால், உறவினருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓரிடத்திலும் விலகவில்லை என்றால், அவர் கேட்டதில் ஓரளவு நியாயம் உண்டு என்று ஏற்றுக்கொண்டு அடுத்த பலகையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை, இருட்டறையும் இல்லை. கைப்பேசியில் எடுத்த படங்களும், வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கணினியும்தான் உண்டு. வீட்டிலிருந்தபடியே எதில் தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

வெயிலில் தொடங்குங்கள்; நம் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த, நீல நிறப் படம் தரும் சயனோடைப் முறைக்குச் சூரிய ஒளியும் தண்ணீரும் இரண்டு வேதிப்பொருள்களும் போதும். பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லி தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, கறுப்புப் புட்டிகளில் வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டும்போது இரண்டையும் சம அளவில் கலந்து, கெட்டியான பருத்தித் தாளில் மங்கலான விளக்கொளியில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆனால் ஃபெரிசயனைடைக் கடும் அமிலங்களோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தவும் கூடாது.

கைப்பேசிப் படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, பிறகு இடம் வலமாகவும் புரட்டி, ஒளிபுகும் பிலிமில் அச்செடுங்கள். புரட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிலிமின் மைப்பக்கம் தாளோடு ஒட்டியிருந்தால்தான் கோடுகள் கூர்மையாக விழும். தாள்மேல் பிலிமை வைத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்திக் கட்டி வெயிலில் காட்டுங்கள். பூச்சின் பச்சை மஞ்சள் நிறம் மாறி வெண்கலம் கலந்த சாம்பலாகும்போது எடுத்துத் தண்ணீரில் அலசினால் நீலப் படம் எழும். எத்தனை நிமிடம் என்பது பருவத்தையும் வெயிலையும் பொறுத்தது. தாளின் ஒரு கீற்றைப் பகுதி பகுதியாக மூடி, வெவ்வேறு நேரம் காட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய படத்துக்குப் போங்கள். காரத்தன்மையுள்ள தண்ணீர் இந்த நீலத்தை வெளிறச் செய்துவிடும். உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படிப்பட்டதானால், முதல் அலசலில் சில சொட்டு வினிகர் சேருங்கள், அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

நீலப் படம் நன்றாகக் காய்ந்த பிறகு, அதன்மேல் லினோலியத்திலோ மரத்திலோ செதுக்கிய வடிவத்தைக் கறுப்பு மையால் அச்சிடலாம். இயந்திரம் வேண்டாம்; மர அகப்பையின் முதுகால் தாளின் பின்புறத்தைச் சீராகத் தேய்த்தாலே போதும்.

இன்னொரு வழியும் உண்டு. கல்யாண வீட்டு மஞ்சள் பைகளில் பெயர் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அங்கே சட்டம், துணி, ஒளிபட்டால் இறுகும் பூச்சான எமல்ஷன், ஒளிகாட்டும் மேசை எல்லாம் தயாராக இருக்கும். மரியாதையாகக் கேட்டால் கற்றுத்தரக்கூடியவர்களும் இருப்பார்கள். புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்துப் பிலிம் எடுக்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழையோ, அதில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே புள்ளி வரிசைகள் இருக்க வேண்டும். 200 இழைத் துணிக்கு 45 வரிசை சரியாக இருக்கும். அதற்கு மேல் நெருக்கினால் புள்ளியும் இழையும் மோதிக்கொண்டு படத்தில் அலையலையாகக் கோலம் விழுந்துவிடும்.

செம்புத் தகட்டில் எட்சிங் (அமிலத்தால் கோடுகளை அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்செடுப்பது) செய்ய ஆசை. நைட்ரிக் அமிலத்தை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. கணினிப் படத்தைத் தகட்டில் ஏற்ற எளிய வழி உண்டா?
– வேதியியல் பட்டதாரி, காரைக்குடி

உங்கள் பயம் நியாயமானது. நைட்ரிக் அமிலத்தின் புகை நுரையீரலைப் பாதிக்கும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மின்னணுச் சுற்றுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு, செம்பை அத்தகைய புகையில்லாமல் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அதற்கும் அவசியம்.

அதே சுற்றுப் பலகைக்காரர்களின் இன்னொரு முறையும் நமக்கு உதவுகிறது. லேசர் பிரிண்டரின் டோனர் உருகும் தன்மையுள்ள பிளாஸ்டிக். படத்தைப் பளபளப்பான தாளில் லேசர் அச்செடுத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துலக்கிய செம்பின் மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால், டோனர் தகட்டில் தங்கிவிடும். டோனர் இருக்கும் இடத்தை ஃபெரிக் குளோரைடு தொடாது. அரிபட்ட பள்ளத்தில்தான் மை நிற்கும் என்பதால், படத்தை நெகட்டிவாகத் திருப்பி அச்செடுக்க வேண்டும். இடம் வலம் புரட்டத் தேவையில்லை; தகட்டில் இடம் வலம் மாறி விழுவது, தாளில் அச்சாகும்போது நேராகிவிடும்.

இந்த முறையில் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. பெரிய கறுப்புப் பரப்பை அப்படியே அரிக்கவிட்டால் பள்ளத்தின் நடுவில் மை நிற்காது. துடைக்கும்போது துணியோடு வந்துவிடும், ஓரங்கள் மட்டும் கறுத்து நடு வெளுத்திருக்கும். அந்தப் பரப்பைக் கணினியிலேயே நுண்ணிய புள்ளிகளாக உடைத்துவிடுங்கள், அல்லது குங்கிலியத் தூளைத் தூவிச் சூடாக்கும் பழைய அக்வாடின்ட் முறையைப் பின்னர் சேருங்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன். கணினிப் புள்ளியின் ஒழுங்கும் குங்கிலியத் தூளின் ஒழுங்கின்மையும் ஒரே தகட்டில் அருகருகே அமையும்போது கிடைக்கும் ஆழம், இரண்டில் ஒன்று மட்டும் இருக்கும்போது கிடைப்பதில்லை. தகட்டைக் கரைசலில் முகம் கவிழ்ந்தோ செங்குத்தாகவோ வையுங்கள். மல்லாத்தி வைத்தால் கசடு கோடுகளில் படிந்து அரிப்பை நிறுத்திவிடும்.

செம்பு கரைந்த பழைய கரைசலைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றாதீர்கள். மீன்களுக்கு அது நஞ்சு. இன்னும் தூய்மையான வழி, செம்பு சல்பேட் கரைசலில் தகட்டை நேர்மின்வாயாக இணைத்து, குறைந்த வோல்ட் மின்சாரத்தால் அரிப்பது. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் வாழும் வேதியியல் பட்டதாரிக்கு இதன் தத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள ஓவியர்களோடு சேர்ந்து இதை நீங்கள் முயன்று பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

எங்கள் ஐயா காலத்து ரவிவர்மா படங்கள் சில வீட்டில் இருக்கின்றன. கண்ணாடி உடைந்து, ஓரம் செல்லரித்திருக்கிறது. ஓர் இளம் ஓவியர், அவற்றை வெட்டித் தம் படைப்பில் ஒட்டிக்கொள்ளக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– குடும்பத் தலைவர், கானாடுகாத்தான்

வெட்டக் கொடுக்காதீர்கள். படமெடுத்துக்கொள்ளக் கொடுங்கள். ரவிவர்மா 1906-இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற நம் காப்புரிமைக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே படத்தைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. அந்தத் தாள் போய்விட்டால் மட்டும் திரும்ப வராது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நல்ல படமும் கிழிந்த படமும் ஒரே அடுக்கில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், அப்படியே படமெடுக்கலாம். இரண்டு விளக்குகளைப் படத்தின் இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் வைத்து, கேமராவை நேர் எதிரே நிறுத்தினால் கண்ணாடியின் பளபளப்பு விழாது. ஓவியருக்கு ஒரு யோசனை: செல்லரித்த ஓரத்தையும் கறையையும் கணினியில் துடைத்துச் சீராக்க வேண்டாம். அந்தப் படம் உங்கள் வீட்டுச் சுவரில் கழித்த காலம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. எட்சிங்கிலோ கல்லச்சிலோ மற்ற எதையும்விட அதுவே செழிப்பாக வரும்.

குடும்பப் புகைப்படங்கள் என்றால் சட்டத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கணினியில் வரைந்த என் படத்தை இங்க்ஜெட்டில் அச்செடுத்து, "1/50" (ஐம்பது படிகளில் முதலாவது) என்று எண்ணிட்டு விற்கலாம் என்கிறார் ஒரு வியாபாரி. பதிப்போவியர்கள் எண்ணிடுவதும் இதுவும் ஒன்றுதானா? இங்க்ஜெட் அச்சின் மேல் மரச்செதுக்கைப் பதிக்கவும் முடியுமா?
– ஓவியர், புதுக்கோட்டை

ஒன்றல்ல. தகடும் பலகையும் தேய்கின்றன. ஐம்பதாவது அச்சில் மென்மையான கோடுகள் மங்கிவிடக்கூடும். ஓவியர் தம் எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறி, இனி அச்செடுக்க முடியாதபடி செய்துவிடுவதும் மரபு. கணினிக் கோப்பு தேய்வதில்லை, அதைக் கீறவும் முடியாது. அங்கே எண்ணிக்கை என்பது ஓவியர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. அந்த வாக்கை எழுத்தில் கொடுங்கள். எந்த அளவில், எந்தத் தாளில், எத்தனை படிகள், வேறு அளவில் மீண்டும் அச்சிடுவீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தோடு தொடர்புடைய ஜாக் டுகேன் என்பவர் "ஜிக்ளே" என்ற பெயரை இத்தகைய அச்சுக்குச் சூட்டினார். சிலர் அந்தப் பெயரைப் போட்டு, வாங்குபவர் ஏதோ பழைய கைம்முறை என்று நினைக்கும்படி விட்டுவிடுகிறார்கள். "பருத்தித் தாளில் நிறமி மை இங்க்ஜெட்" என்று தெளிவாக எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

மரச்செதுக்கைப் பதிக்க முடியும், நன்றாகவும் இருக்கும். மரச்செதுக்கு உலர்ந்த தாளிலேயே விழும் என்பதால் சிக்கல் குறைவு. செம்புத் தகடு என்றால்தான் தாளை நனைக்க வேண்டும். அப்போது சாய மையால் அச்சான படம் கரைந்து ஓடிவிடும். நிறமி மை தாக்குப்பிடிக்கும். இங்க்ஜெட்டுக்கென்றே பூச்சு பூசிய தாள்களில் பல, நனைத்தால் பூச்சு உரிந்துவிடும். பூச்சில்லாத, சதுர மீட்டருக்கு 250 அல்லது 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில், வண்ணம் சற்று மங்கினாலும் பரவாயில்லை என்று அச்செடுங்கள். நனைந்த தாள் விரியும் என்பதையும் மறக்க வேண்டாம். உலர்ந்திருந்தபோது அச்சான கண்ணும், நனைந்தபின் தகட்டிலிருந்து விழும் இமையும் ஒரு நூலளவு விலகியே நிற்கும். துல்லியமாகப் பொருந்தியே ஆக வேண்டும் என்றால், கணினிப் படத்தை மெல்லிய ஜப்பானியத் தாளில் அச்செடுத்து, பின்புறம் பசை தடவி, தகட்டின் மேல் வைத்து, இயந்திர அழுத்தத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் கெட்டித் தாளில் ஒட்டச் செய்யும் "ஷீன் கோலே" முறையைக் கையாளுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல்லின் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்டுக் கல்லின்) வடிவங்களை லேசரில் வெட்டி அச்சுக் கட்டையாக்கலாமா?
– வடிவமைப்பு மாணவர், பள்ளத்தூர்

ஆக்கலாம். ஆனால் முதலில் ஒருமுறை ஆத்தங்குடிக்குப் போய் வேலை நடப்பதைப் பாருங்கள். கண்ணாடியைச் சட்டத்தின் அடியில் வைத்து, அதன்மேல் உலோக அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு நிரப்புகிறார்கள். கல்லின் முகம் கண்ணாடியின் மேல் கவிழ்ந்தபடியே உருவாகிறது. பளபளப்பும் அந்தக் கண்ணாடியிலிருந்தே வருகிறது. அச்சைத் தூக்கும்போது வண்ணங்கள் எல்லையில் லேசாகக் கலந்துவிடுவதால் ஒரு கல்லைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. ஒரே கல்லைப் படமெடுத்துக் கணினியில் நூறுமுறை நகலெடுத்தால் இது தொலைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கற்களைத் தனித்தனியே படமெடுத்து, அவற்றின் வேறுபாட்டோடு கட்டைகளை வெட்டுங்கள். லேசர் வெட்டிய விளிம்பு ஒரே சீராக இருக்கும். கடைசிக் கோடுகளைக் கையுளியால் நீங்களே எடுங்கள்.

முறையாகக் கற்க எங்கே போகலாம்?
– பெயர் குறிப்பிடாத வாசகர், கோட்டையூர்

1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்தில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியும் பட்டம் படிக்க விரும்புவோருக்கு உரியவை. பட்டம் வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்றால், சென்னையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் பதிப்போவியக் கூடம் இருக்கிறது. நேரில் சென்று விசாரியுங்கள். நம் மண்ணுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. தேவகோட்டையில் 1957-இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன், சென்னையில் படித்து, அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனத்தில் கல்லச்சு பயின்று, இந்தியப் பதிப்போவியத்தில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றவர். அவருடைய படைப்புகளில் எண்களும் முத்திரைகளும் அளவைக் கோடுகளும் கையின் கோட்டோடு சேர்ந்து நிற்பதைப் பார்த்தால், உங்கள் கேள்விகள் பலவற்றுக்கு என் எழுத்தைவிட நல்ல விடை கிடைக்கும்.

கூடத்துக்குப் போகும்போது படத்தைப் பென் டிரைவில் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கணினித் திரை பின்னாலிருந்து ஒளிர்வது. அதில் தெரியும் நிழல் தாளில் கரியாகிவிடும். தகடு எந்த அளவோ, அதே அளவில் சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளை அச்சு ஒன்று எடுத்து, கருமை கூடிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள்.